கண்ணை மூடிக்கொண்டு கை தூக்கிய நாள்

ஜூன் 12, வியாழன்

வகுப்பு நூலக அலமாரிக்குப் பொறுப்பாளர் வேண்டுமாம். அடுத்த வாரம் தேர்தல், கை தூக்கித்தான் ஓட்டு. ஜெயிப்பவரிடம் சாவி. புதுப் புத்தகம் வந்தால் முதலில் அவர்தான் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை.

என்னை எதிர்த்து நிற்பது சுருட்டை. எனக்கு முன் பெஞ்ச். நெற்றியில் விழும் முடியைத் தள்ளிவிடுவதைத் தவிர அவன் வேறு எதையும் ஒழுங்காகச் செய்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 13, வெள்ளி

எல்லோரும் அவன் பக்கம். ஏன் என்று டமாரத்திடம் கேட்டேன். (என் பக்கத்தில் உட்காருபவள். அவள் காதில் ஒன்று விழுந்தால் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்.)

"அவனைப் பார்த்தாலே பொறுப்பான பையன் மாதிரி இருக்குடி."

பொறுப்பு எந்த இடத்தில் தெரிகிறது என்றேன். நன்றாக யோசித்துவிட்டு, "கன்னத்துல" என்றாள்.

கண்ணாடி போட்டிருப்பதால் நான் சிடுமூஞ்சியாம். புத்தகத்தின் மூலை மடங்கினால் அடிப்பேன் என்று பேசிக்கொள்கிறார்களாம். அபாண்டம். திட்டுவேன், அவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். அவள் புத்தகத்தைப் புரட்டினேன். பார்க்க அழகாக இருப்பவர்களை நல்லவர்கள், கெட்டிக்காரர்கள் என்று மனம் தானாகவே நம்பிவிடுமாம். கூட்டம் சாயும் பக்கம் நாமும் சாய்வோமாம்.

"நீ மட்டும் இதுல சேர்த்தி இல்லையோ?" என்றாள் அக்கா. விஷயம் தெரிந்தவர்களுக்கு அப்படி நடக்காது என்று விளக்கினேன். அவள் எதற்கு அவ்வளவு நேரம் சிரித்தாள்?

ஜூன் 16, திங்கள்

டமாரம் கை தூக்கும் முறையை ஆராய்ந்தேன். பாதி தூக்குவாள். சுற்றிப் பார்ப்பாள். நிறையக் கைகள் தெரிந்தால் அவளுடையதும் மேலே போகும்; இல்லாவிட்டால் தலையைச் சொறிந்துகொள்வாள். இன்று கணக்கு புரிந்ததா என்று டீச்சர் கேட்டபோது வகுப்பில் பாதிப் பேருக்குத் தலை அரித்தது.

ஜூன் 17, செவ்வாய்

கணக்கு டீச்சர்தான் எங்கள் வகுப்பாசிரியர். மேசையில் தலை கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு கை தூக்க வேண்டும், அப்போதுதான் யாரும் யாரையும் பார்த்து ஓட்டுப் போட மாட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன். ஒத்துக்கொண்டார். சாவி என் கையில் வந்த மாதிரிதான்.

ஜூன் 19, வியாழன்

தோற்றுவிட்டேன். பதினேழுக்குப் பதினெட்டு.

அதே நாள், மாலை

அம்மாவிடம் தலைவலி என்று சொல்லியிருக்கிறேன். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

தலை கவிழ்ப்பதற்குச் சற்று முன் சுருட்டை என் பக்கம் திரும்பினான். "நீதான் ஜெயிப்பே. நானே உனக்குத்தான் போடப்போறேன்" என்று சிரித்தான். ஒரு பல் கொஞ்சம் கோணல். இத்தனை நாள் கவனித்ததில்லை.

டீச்சர் முதலில் என் பெயரைச் சொன்னார். தனக்குத் தானே போட்டுக்கொள்வது நாகரிகமில்லை என்று தோன்றியது. கையை அடக்கிக்கொண்டேன். அடுத்து அவன் பெயர். என் கை மேலே போயிற்று. பாதிகூட இல்லை, முழுசாக.

நாகரிகமாம், பெரிய நாகரிகம். அந்தப் பல்லைப் பாக்காம இருந்திருந்தா இது வந்திருக்குமா? கூட்டம் இல்ல. யாரும் சொல்லிக் குடுக்கல. நானேதானே தூக்கினேன் —

வகுப்பு முடிந்ததும் டீச்சர் கூப்பிட்டார். எல்லாக் கைகளையும் பார்த்த ஒரே ஆள் அவர்தான். "கண்ணை மூடிக்கிட்டா சரியாப் போடுவாங்கன்னு சொன்னியேம்மா. நீ மூடறதுக்கு முன்னாடியே பார்த்துட்டபோல."

தலை எனக்கும் அரித்தது.

ஜூன் 20, வெள்ளி

டமாரம் எனக்குத்தான் போட்டாளாம். "மத்தவங்க யாருக்குப் போடறாங்கன்னு ஒண்ணுமே தெரியலடி. அதனால எனக்குப் பிடிச்சவளுக்கே போட வேண்டியதாப் போச்சு." சலித்துக்கொண்டுதான் சொன்னாள். கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

சுருட்டை புத்தகங்களை உயரப்படி அடுக்கியிருக்கிறான். பார்க்கச் சகிக்கவில்லை.

ஆனால் ஒன்று. இடைவேளையில் அலமாரியில் சாய்ந்து நின்றவன் கையில் ஏதோ ஒரு புத்தகம் இருந்தது. அது என்னவென்று அவனுக்கே தெரியாது. எனக்கு எனக்கு என்று ஆறு பேர். கடைசியில் பார்த்தால் கோழி வளர்ப்பு. டமாரம் முட்டி மோதி வாங்கிவிட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

சுருட்டை என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான்: "இதுல எது நல்லா இருக்கும்? நான் ஒண்ணுமே படிச்சதில்ல."

வந்த நாளிலிருந்து யாருமே தொடாத ஒரு கடற்பயணக் கதை உண்டு. எனக்கு உயிர். அதை எடுத்துக் கொடுத்து, அட்டை வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். மணி அடிப்பதற்குள் அதற்கு ஒன்பது பேர் பெயர் கொடுத்தாகிவிட்டது.

திங்கட்கிழமைக்கு எந்தப் புத்தகம் என்று முடிவு செய்துவிட்டேன். அவன் தலைகீழாகப் பிடித்துவிடாமல் இருக்க நான் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். வேறு வழியில்லை.