முப்பத்தொரு குழாய் சேறு

2081 அக்டோபர் 14. காலை 6.20

உயில் பதியப் போன அன்று சார்பதிவாளர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏன் டீச்சர், எல்லாரும் வீடு வாசல்னு எழுதுவாங்க. நீங்க சேத்தையா எழுதிவைக்கிய?" அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுச் சொன்னேன்: "ஆமா சார். முப்பத்தொரு குழாய் சேறு. என் காலத்துக்குப் பிறகு, கடலைப் படிக்கிற பிள்ளைகளுக்கு."

இந்தக் குறிப்பேட்டைப் படிப்பவருக்கும் அதே கேள்வி வரலாம். விளக்கிவிடுகிறேன். கண்ணாடி டம்ளரில் ஜிகர்தண்டா வாங்கியிருப்பீர்கள். அடியில் பாசி, அதன்மேல் பால், உச்சியில் ஐஸ்கிரீம். எது முதலில் விழுந்தது, எது பிறகு விழுந்தது என்று பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும். கடலடியும் அந்த டம்ளர்தான். வருடத்துக்கு ஒரு முறை நீளமான குழாயை அடித்து இறக்கி, ஒரு தண்டு சேற்றை அப்படியே எடுத்து மூடி வைக்கிறேன். 2051இல் தொடங்கினேன். ஒரு வருடமும் தவறவில்லை.

என் பெயர் அமலோற்பவம். முப்பத்தாறு வருடம் அறிவியல் ஆசிரியை. இப்போது இருப்பது வேம்பாருக்குக் கிழக்கே, கடலுக்குள் கைவிடப்பட்ட கலங்கரை விளக்குத் தளம். நான்கு இரும்புக் கால்கள், மேலே ஒரு தகர அறை, நான்கு மீட்டர் தண்ணீர்.

காற்று: வாடை, மெல்ல. நீர் வெப்பம் 31.2. ஜெனரேட்டர் சரி. குழாய்கள் முப்பத்தொன்றும் குளிர்ப்பெட்டியில்.

அக்டோபர் 14. மாலை 4.05

முப்பதாவது குழாயைப் பற்றி எழுத வேண்டும்.

ஆறு வருடமாக ஆழ்நிதி நிறுவனத்தின் சுரண்டிகள், ஆளில்லாமல் ஓடும் சுரங்க இயந்திரங்கள், இந்தக் கடலடியில் ஊர்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பேருந்து அளவு. முன்னால் நீண்ட தும்பிக்கை, அதன் நுனியில் சுழலும் பற்கள். கனிமக் கட்டிகளை அரைத்து உறிஞ்சும். உயிருள்ள எதையும் கண்டால் நின்றுவிடும் என்று அரசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் குழாய்கள் வேறு சொல்கின்றன. 2075 வரை பவளமும் சிப்பியும் முழுசு. அதற்குமேல் எல்லாம் தூள். முப்பதாவது குழாயில், அந்தத் தூளுக்கு நடுவே, வெள்ளி அடைத்த ஒரு கடைவாய்ப் பல்.

சங்கு குளிக்கப் போய்த் திரும்பாத பவுலூஸின் பல். அவன் தம்பி கஸ்பார்தான் எனக்குப் படகோட்டி. பல்லை உள்ளங்கையில் வாங்கி, வெள்ளி அடைப்பைப் பார்த்தே அண்ணனுடையது என்றான். பிறகு அவனே அதைக் குழாய்க்குள் வைத்து மூடினான்.

அரசுக்கு அனுப்ப முடிவுகளை எழுதி முடித்தேன். 11ஆம் தேதி நிறுவனத்துக்கு ஒரு படி அனுப்பினேன். மதிப்பெண்ணை மேலே அனுப்பும் முன் விடைத்தாளைப் பிள்ளையிடம் காட்டிவிடுவது என் வழக்கம். நான் தவறாகத் திருத்தியிருந்தால் அது கேட்கட்டும். வேலை பார்த்த காலம் முழுக்க அப்படித்தான் செய்தேன். "திருத்தம் இருந்தால் ஆறு நாளில் தெரிவிக்கவும்" என்று எழுதினேன். அங்கே கடல் பிரிவு மேலாளர் ராயப்பன். என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் படித்தவன்.

அக்டோபர் 17. காலை 7.10

ராயப்பன் வயர்லெஸ்ஸில் வந்தான். கேட்டது கேட்டபடி:

"வணக்கம் டீச்சர். சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன்டா. என் பேப்பரில் எது தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்ல டீச்சர். அதான் பிரச்சின. அந்தக் கொழாயெல்லாம் கடல்ல தள்ளிட்டு எறங்கிருங்க. நான் படகு அனுப்புதேன்."

"அது உயிலில் எழுதின பொருள், ராயப்பா."

"உயிலு நீங்க போனப்பொறவுதான டீச்சர். இப்பவே எதுக்கு அதெல்லாம் பேசிக்கிட்டு."

இணைப்பை அவனே துண்டித்தான். காற்று வாடை.

காலை 9.30

மூன்று சுரண்டிகள். தண்ணீருக்குக் கீழே கறுப்பாகத் தெரிகின்றன. தளத்தின் தென்மேற்குக் காலைக் கடிக்கின்றன. தளம் முழுக்க அதிர்கிறது. டம்ளர் தானாக நகர்ந்து விழுந்தது.

ராயப்பன் என்ன செய்திருப்பான் என்று புரிகிறது. அவனுடைய வரைபடத்தில் இந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு "குப்பை" என்று குறித்திருக்கிறான். வருகைப்பதிவேட்டில் ஒரு பெயரை அடித்துவிட்டால், அந்தப் பிள்ளை எதிரே நின்றாலும் கணக்கில் இல்லை. வட்டத்துக்குள் நானும் அப்படித்தான்; உயிர் இருந்தாலும் சுரண்டி நிற்காது.

கஸ்பாரைக் கூப்பிட்டேன்.

"இந்தா கெளம்பிட்டேன் டீச்சர். வெளமீன் கொழம்பு எடுத்துட்டு வாரேன்."

"கொழம்பு வேண்டாம்டா, சீக்கிரம் வா."

"வாரது வாரேன், வெறுங்கையோடயா வருவேன்?"

காலை 10.50

கஸ்பாரின் இன்ஜின் சத்தம் கேட்டதும் மூன்றும் காலை விட்டுவிட்டுத் திரும்பின. நான் கத்தினேன். சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. தும்பிக்கை ஒன்று தண்ணீரைப் பிளந்து எழுந்து படகின் பின்பக்கத்தைக் கவ்வியது. மரம் கரும்பு மாதிரி சக்கையானது. கஸ்பார் ஏணியில் பாய்ந்தான். இரண்டாவது தும்பிக்கை அவன் வலது காலைப் பிடித்தது.

சேறு எடுக்கும் குழாயை அடித்து இறக்க, சங்கிலியில் இருநூறு கிலோ இரும்புக் குண்டு ஒன்று தொங்குகிறது. கொக்கியைத் தட்டிவிட்டேன். குண்டு நேராகத் தும்பிக்கையின் கழுத்தில் விழுந்தது. கொட்டாங்கச்சி உடையும் சத்தம். எண்ணெய் பீறிட்டு என் முகமெல்லாம். பிடி விட்டது.

கஸ்பாரை மேலே இழுத்தேன். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. சேலையைக் கிழித்து, திருப்புளியை வைத்து முறுக்கிக் கட்டினேன்.

காலை 11.25

ஜெனரேட்டரை நிறுத்தினேன். கடிப்பதும் நின்றுவிட்டது. ஆக, வட்டத்துக்குள் சத்தம் எங்கேயோ அங்கேதான் அவை போகும். இன்ஜின் இல்லாதது, அசையாமல் மிதப்பது அவற்றின் கண்ணில் படாது.

தளம் சாய்ந்திருக்கிறது. ஒரு கால் போய்விட்டது. வயர்லெஸ் பேட்டரியில் ஓடுகிறது. கஸ்பார் அதைக் கேட்டு வாங்கினான்.

"லே ராயப்பா! நான்தாம்லே கஸ்பாரு. ஒன்பதாங்கிளாஸ் அரையாண்டுல எம்பேப்பரப் பாத்துத்தாம்லே பாஸானே! அதயும் டீச்சர்ட்ட சொல்லட்டா?"

பிறகு ராயப்பன்: "கஸ்பாரு, நீ அங்க என்னலே பண்ணுத? நீ இருக்கன்னு எனக்குத் தெரியாது."

"எங்கண்ணன் இருந்ததும் ஒனக்குத் தெரியாது. பல்லு இங்கதாம்லே இருக்கு. வந்து எடுத்துக்க."

சிரித்தான். சிரிப்பின் நடுவில் இருமல்.

பகல் 12.40

காற்று திரும்பியது. கொண்டல். கிழக்கிலிருந்து கரையை நோக்கி.

குளிர்ப்பெட்டியைத் திறந்து குழாய்களை வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றிலும் வலைமிதப்பு கட்டினேன். உயிலின் ஒரு படியைப் பாலித்தீனில் சுற்றி ஒவ்வொன்றோடும் சேர்த்தேன். அதில் 'பிள்ளைகளுக்கு' என்றிருந்ததை அடித்துவிட்டு "கண்டெடுப்பவர்" என்று எழுதியிருக்கிறேன். மாற்றத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும். கஸ்பார் கையெழுத்துப் போட்டான். எழுத்து, வகுப்பில் போட்ட மாதிரியே, கோணல். இரண்டாவது கோடு காலியாக இருக்கிறது.

இருபது குழாய்களை இறக்கிவிட்டேன். சத்தமே இல்லாமல் போகின்றன. சுரண்டிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கஸ்பார் 12.15க்கு இறந்தான். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பகல் 1.30

ராயப்பனின் விரைவுப்படகு. மிதக்கும் குழாய்களைப் பொறுக்கிக்கொண்டு வருகிறான். தொலைநோக்கியில் எண்ணினேன். நான்கு. ஐந்து. வட்டத்தை நெருங்குகிறான்.

"ராயப்பா, உள்ளே வராதே. இன்ஜினை அணை. அதுக சத்தத்துக்கு வருது."

"நம்ம மிஷினு டீச்சர். அதுக்கு என்னையத் தெரியும்."

"வட்டத்துக்குள்ளே அதுக்கு யாரையும் தெரியாது. நீ போட்ட வட்டம்டா!"

"பயமுறுத்தாதிய டீச்சர். இன்னும் நாலு கொழா..."

பிறகு அவன் "டீச்சர்" என்று மட்டும் கத்தினான். மூன்று முறை. வகுப்பில் தேள் வந்த அன்று கத்தியதும் இதே குரல்தான். படகு நடுவில் மடிந்தது. தண்ணீர் சிவந்து, பிறகு எண்ணெயாகி, பிறகு ஒன்றுமில்லை. அவனிடம் இருந்த ஐந்து குழாய்களும் போயின.

நான் அவனுக்குத் தாளை அனுப்பாமல் இருந்திருந்தால் இவர்கள் இரண்டு பேரும் இருந்திருப்பார்கள். இதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

பகல் 2.15

மீதிப் பதினொன்றையும் இறக்க வேண்டும். பத்து இறக்கியாயிற்று. ஆனால் ராயப்பனின் படகு அடங்கியதால் சுரண்டிகளுக்குச் சத்தம் எதுவும் இல்லை. மூன்றும் கரைப்பக்கமாகச் சுற்றுகின்றன. குழாய்கள் அவற்றின் மேலாகவே போகின்றன. ஒன்று தும்பிக்கையில் உரசி நொறுங்கியதைப் பார்த்தேன். இப்படியே விட்டால் ஒவ்வொன்றாகப் போய்விடும்.

அவற்றை இந்தப் பக்கம் கூப்பிட வேண்டும். கூப்பிட என்னிடம் ஒரே ஒரு மணிதான் இருக்கிறது. ஜெனரேட்டர்.

கடைசியாக இந்தக் குறிப்பேட்டை முப்பதாவது குழாயோடு கட்டி அனுப்புவேன். பல் உள்ளே இருக்கிறது. கஸ்பாரின் வீட்டில் சேர்த்துவிடுங்கள்.

பகல் 2.40

ஜெனரேட்டர் ஓடுகிறது. வருகின்றன. மூன்றும்.

கரைப்பக்கம் வழி திறந்துவிட்டது. குழாய்கள் போகின்றன. எண்ணினேன், இருபத்து நான்கு. இதோடு இருபத்தைந்து. நல்ல வருகை.

வடக்குக் கால் போயிற்று. அறை சரிகிறது. இடது கை கதவில் மாட்டி. விரல்கள். பரவாயில்லை, எழுதும் கை வலதுதான்.

உயில் நான் போன பிறகுதான் என்றான் ராயப்பன். சரி. இந்த நிமிடத்திலிருந்து சேறு உங்களுடையது. காலியாக இருக்கும் அந்தக் கோட்டில் உங்கள் பெயரைப் போடுங்கள். சார்பதிவாளர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

தும்பிக்கை தகரத்தைப்

பயமில்லாமல் இல்லை. ஆனால் ஒரு வேலை மிச்சம். செய்முறை இல்லாமல் பாடத்தை முடித்ததில்லை. அதை எழுதிவிட்டுக் குழாயை இறக்குகிறேன்

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் உங்கள் ஊர்க் கரை மண் ஒரு கைப்பிடி போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடுக்குகளைப் பாருங்கள். தேதி எழுதி