டீருக்கு ஒதுக்கிய இடம்

அக்டோபர் 9, ஞாயிறு

பனி, மலையின் பாதிவரை இறங்கிவிட்டது. சுவரிலிருக்கும் சாமித் தட்டைத் துடைத்தேன். ஓடின், தோர், ஃப்ரெய்யா, எங்கள் பழைய தெய்வங்கள். மூன்றும் கரையொதுங்கிய மரத்தில் என் புருஷன் ஈவர் செதுக்கியவை, ஒரு சாண் உயரம். நாலாவது இடம் காலி. அது டீருக்கு. ஓநாயைக் கட்டிப்போட வேண்டும், அது நம்ப வேண்டும் என்று தன் வலது கையை அதன் வாய்க்குள் வைத்து, அந்தக் கையை இழந்த தெய்வம். போன குளிர்காலத்தில் "அடுத்தது இவர்தான்" என்று மரத்துண்டுகூட எடுத்து வைத்தான் ஈவர். மே மாதம், படகில் வலை இழுக்கும் விஞ்ச் அவன் வலது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது.

ஆறு வாரச் சிகிச்சை என்று தலைநகர் ரெய்க்யாவிக் போனான். இன்னும் அங்கேதான், தன் தங்கை உன்னுர் வீட்டில். ஜூலையில் ஒரே ஒருமுறை வந்தான். தட்டைப் பார்த்தான். "அந்தக் காலி இடம் என்னையே பாக்குது, ஸ்டைனா. அதுக்கு எதிர்ல உக்காந்து நான் எப்படிச் சாப்பிடறது" என்றான். மறுநாளே கிளம்பிவிட்டான்.

நானே ஒரு டீரை அங்கே வைத்துவிட்டால் வந்துவிடுவானா? வருவான் என்றுதான் நினைக்கிறேன். வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 16

கணினியில் நாள் முழுக்கத் தேடினேன். எல்லா டீர்களும் புஜம் புடைத்து, ரத்தம் சொட்டச் சொட்ட. ஒன்றில் ஓநாயின் பல்லிடுக்கில் விரல் தொங்குகிறது. வரைந்தவனுக்குத் தெய்வமும் தெரியாது, கை போவது என்றால் என்னவென்றும் தெரியாது. இதையா என் புருஷன் காலையில் காபி குடித்துக்கொண்டு பார்ப்பது?

அக்டோபர் 22

நீச்சல் குளத்தில் கூட்டம். டிக்கெட் கொடுத்தே கை ஓய்ந்தது. வெந்நீர்த் தொட்டியில் பாதி ஊர் ஊறிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக ஈவர் உட்கார்ந்த மூலையில் இப்போது ரொட்டிக்கடைக்காரர். பிடித்து எழுப்பிவிடலாம் போல இருந்தது.

துண்டு மடித்துக்கொண்டிருந்த, கூட வேலை பார்க்கும் லோவா, "டீரைச் செதுக்கறேன்னு சொன்னான், அவரு கூலியை முன்னாடியே வாங்கிட்டாரு" என்றாள். வேடிக்கையாகத்தான். நான் சாயங்காலம்வரை அவளோடு பேசவில்லை.

ஈவரும் அப்படித்தான் நினைக்கிறானோ? கேட்கப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 30

பழைய ரூன் எழுத்துகளில் டீருக்குரியதை மட்டும், அந்த மேல்நோக்கிய அம்பை, துணியில் தைத்து வைக்கலாமா என்று பார்த்தேன். போர்க்காலத்தில் அந்த நாஜிக் கொலைகாரர்கள் சட்டையில் குத்திக்கொண்ட குறி. இன்றும் சிலர் கழுத்தில் பச்சை குத்திக்கொண்டு திரிகிறார்கள். அவர்களிடமிருந்து அதை மீட்க வேண்டும்தான். அந்தச் சண்டையை என் சமையலறையில் போட எனக்குத் தெம்பில்லை.

நவம்பர் 12

வரவழைத்த சுண்ணாம்புச் சிலை வந்தது. முகம் நன்றாகத்தான் இருக்கிறது. இடது கை இல்லை. வலது கையில் வாள்.

மரியாதை செய்கிறவன் எந்தக் கை என்றாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். திருப்பி அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 26, சனி

டென்மார்க்கிலிருந்து வெண்கலம். இதுதான், என்று பெட்டியைத் திறந்ததும் மனம் சொன்னது. ரத்தமில்லை, வாளில்லை. களைத்த, நல்ல முகம். தட்டில் வைத்து, படையலாகப் பியர் ஊற்றினேன். உடனே ஈவருக்குப் போன்.

"டீர் வந்துட்டார். ரொம்ப அழகா இருக்கார்."

"கை?"

"போர்வைக்குள்ள இருக்கு. தெரியாது."

"அப்போ என்னை மாதிரிதான்" என்றான். "நானும் கோட்டுப் பைக்குள்ளதான் வெச்சுக்கிட்டுத் திரியறேன்."

நவம்பர் 27

வெண்கலத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளட்டும். மறைத்து வைத்துவிட்டு அதை மரியாதை என்று நினைத்தேனே. அதைப் போய் அவனிடமும் சொன்னேனே.

எனக்கு அவன் வேணும். கை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. பக்கத்துல குறட்டை விட ஆள் வேணும். காபியில சர்க்கரை போதலைன்னு முனக ஆள் வேணும். இதை ஏன் போன்ல சொல்ல வரமாட்டேங்குது எனக்கு?

டிசம்பர் 4

இழுப்பறையைத் திறந்தால் ஏழு வலது கையுறைகள். இடதெல்லாம் அவனோடு போய்விட்டன. இவற்றை என்ன செய்வது — தூக்கிப்போடவும் மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை.

அப்போதுதான் அந்தக் காலத்துப் படகுக்காரர்களின் கையுறை நினைவுக்கு வந்தது. இரண்டு கட்டைவிரல் வைத்துப் பின்னுவார்கள். உள்ளங்கைப் பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். வலது இடது கிடையாது, எந்தக் கைக்கும் பொருந்தும். சாம்பல் நிறக் கம்பளி இருக்கிறது. ஒரு ஜோடி பின்னப்போகிறேன்.

சாமித் தட்டின் இடம் காலியாகவே இருக்கட்டும். நான் தேடுவதை விட்டுவிட்டேன்.

டிசம்பர் 17

பார்சல் அனுப்பியாயிற்று. கடிதம் எழுதி, கிழித்து, மறுபடி எழுதினேன். கடைசியில் போனது ஒரே வரி: "உன் மூலையில் ரொட்டிக்கடைக்காரர் உட்கார்கிறார்."

டிசம்பர் 26

ஈவர் கூப்பிட்டான். "ரெண்டு கட்டைவிரல் வெச்சிருக்கே. என்னை நண்டுன்னு நினைச்சியா?"

"ரெண்டுமே இடது கைக்கு ஆகும். ஒண்ணு நனைஞ்சா இன்னொண்ணு."

சிரித்தான். மே மாதத்துக்குப் பிறகு இந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. பிறகு, "ரொட்டிக்கடைக்காரனா? அந்த மூலையிலயா?" என்றான்.

ஜனவரி 8

ஒரு வார்த்தையும் இல்லை. புயல். சாலை மூடல்.

ஜனவரி 20, வெள்ளி

இன்று கணவர்கள் தினம். ஆள் இல்லாத வீட்டில் யாருக்கு விருந்து என்று, பழைய கஞ்சியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். மத்தியானம் வாசலில் உன்னுரின் வண்டி.

ஈவர் இறங்கினான். இளைத்திருக்கிறான். இன்றைக்கு வீட்டுக்காரன் ஒற்றைக் காலில் குதித்து வீட்டைச் சுற்றி வர வேண்டும் என்று வழக்கம் இருக்கிறதே, அதை உன்னுர் ஞாபகப்படுத்தினாள். "கைதான் ஒண்ணுன்னா காலும் ஒண்ணா? ஆளை விடு" என்றான். இடது கையில் சாம்பல் கையுறை. வலது கை வெளியே, குளிரில், எதுவும் மூடாமல். பார்த்தேன். பார்க்கிறேன் என்று அவனுக்கும் தெரிந்தது. பைக்குள் விடவில்லை.

உள்ளே வந்து தட்டின் முன் நின்றான். கொட்டகைக்குப் போய், டீருக்கென்று எடுத்து வைத்த அந்த மரத்துண்டைக் கொண்டுவந்தான். காலி இடத்தில் நிறுத்தினான். கோட்டிலிருந்து இன்னொரு கையுறையை எடுத்து அதன்மேல் மாட்டினான். ஒரு கையால் நேரமாயிற்று. நான் உதவிக்குப் போகவில்லை. அதுதான் இன்று நான் செய்த கஷ்டமான வேலை.

"ஒரு ஜோடி அனுப்பினியே. எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. ரெண்டு பேருக்கும் இடது கைதானே."

நான் அழுதேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, உன்னுர் முன்னாலேயே அழுதேன்.

அவனுடைய கையுறை கதவோரக் கொக்கியில் தொங்குகிறது. காபி குடித்தான், சர்க்கரை போதவில்லையாம். நாளைக்குக் குளம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டான். பத்து வருஷமாக நான்தான் திறக்கிறேன், தெரியாதவன் மாதிரி.

ஏழரைக்கு என்றேன்.