இரண்டாவது ஃபேன்

1993, மே 3, திங்கள்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். ஊரெல்லாம் திட்டுகிறது, எனக்கு லாபம். ஃபேக்டரிக்கு லீவு. திருமழிசை வெல்டிங் பட்டறைக்கு வேனை ஓட்டிப் போனேன். வேன் கூரையில் சோலார் பேனலுக்கு வெல்டர் ஸ்டாண்டு வைத்தான். கோணல். அறுத்துவிட்டு மறுபடி வை என்றேன். முணுமுணுத்தான். முணுமுணுக்கட்டும்.

ஜூன் கடைசியில் ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். கூட வேலை செய்கிறவனெல்லாம் பட்டாபிராமில் அரை கிரவுண்டு வாங்கிக் கடன்காரனாகிவிட்டான். நான் வீட்டையே ஓட்டிக்கொண்டு போவேன். கான்வென்ட் ஏலத்தில் எடுத்த பழைய ஸ்கூல் வேன், உள்ளே இரண்டு கட்டில், ஸ்டவ், தண்ணீர் டிரம். முதலில் வேளாங்கண்ணி. பிறகு கன்னியாகுமரி. பிறகு மனம் போன பக்கம். எவன் வாசலிலும் போய்க் கரண்டு கேட்டு நிற்க மாட்டேன். அதற்குத்தான் சோலார்.

எஸ்தர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஃபேன் இருக்குமா என்றாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இதே புத்தி.

மே 5, புதன்

குமணன்சாவடியில் பேட்டரி வாங்கியாயிற்று. தூக்கி வந்ததில் இடுப்புப் பிடிப்பு. தைலம்.

லோடு கணக்கு. பேனல் ஒன்றுதான், அதற்கு மேல் கூரையில் இடமில்லை. நல்ல வெயிலில் இரண்டு ஆம்பியர் வரும். பகலில் சேர்ப்பது ராத்திரிக்கு. ஆகவே:

சின்ன டியூப்லைட் 1
12 வோல்ட் ஃபேன் 1
கறுப்பு வெள்ளை டி.வி., சின்னது 1

அவ்வளவுதான் தாங்கும். இரண்டாவது ஃபேன் வேண்டுமானால் டி.வி.யை எடுக்க வேண்டும். டி.வி. இருக்கும்.

ஃபேன் என் கட்டில் தலைமாட்டில். வண்டி ஓட்டுகிறவன் தூங்க வேண்டும். அவள் பகலில் உட்கார்ந்தபடியே தூங்கலாம், வேறென்ன வேலை. அவளுக்கு இழுப்பு, ஃபேனுக்கு நேர் கீழே படுக்காவிட்டால் மூச்சு வராது என்கிறாள். ஃபேன் கண்டுபிடிப்பதற்கு முன்னால் இழுப்புக்காரர்கள் எல்லாம் செத்தா போனார்கள்?

புது ஃபேனை வீட்டுக்குள்ளேயே மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். வைத்துவிட்டுப் போ என்று கத்தினேன். அது பேட்டரிக்கான ஃபேன், வீட்டுக் கரண்டில் போட்டால் எரிந்துவிடும். விளக்கவில்லை. சொன்னால் மட்டும் புரிந்துவிடப் போகிறதா.

மே 8, சனி

தபால்காரனுக்கு லெட்டர் இல்லை என்று சொல்லக்கூட வாய் வலிக்கிறது.

சார்ஜ் காட்டுகிற அம்மீட்டர் முள் திடீரென்று பாதிக்கு இறங்கிவிட்டது. ஒயரெல்லாம் பிரித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஏணி போட்டு ஏறினால், பேனல் மூலையில் ஈரத்துணி, துணி மேல் வடாம். எதிர் பிளாக் கனகா. மேலே நல்லா சூடா இருக்குதே, சீக்கிரம் காயுமே என்று ஏற்றியிருக்கிறாள். ஒரு மூலை மறைந்தாலே பேனல் படுத்துவிடும். துணியோடு இழுத்து மண்ணில் கொட்டினேன். நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் எஸ்தர் உட்கார்ந்து கனகாவுக்குப் புதிதாக வடாம் பிழிந்து கொடுத்தாள். என் அரிசி மாவு.

மே 9, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்து சாப்பாடு. கறி வேகவில்லை.

மதியம் ஒத்திகை. வேனை மைதானத்தில் நிறுத்தி, போகிற இடத்தில் கொசு இருக்கும் என்பதால் கண்ணாடியெல்லாம் ஏற்றி, இருவரும் படுத்தோம். நான் முன்கட்டில், ஃபேன். அவள் பின்கட்டில். சுகமான தூக்கம்.

எழுந்தபோது பின்கட்டில் ஆள் இல்லை. வேன் படியில் உட்கார்ந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கனகா பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தாள். நல்ல ஜோடி. எஸ்தர் என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள்.

"அந்தக் காத்த கொஞ்சம் இந்தாண்ட திருப்பினா உங்களுக்கு இன்னா கொறஞ்சிடும்?"

நடுவில் திருப்பினால் இரண்டு பேருக்கும் காற்று வராது என்றேன். உண்மைதான். அதோடு விட்டிருக்கலாம். கனகா நின்றுகொண்டிருந்ததால் அவளிடம் சொன்னேன்: "கணக்குப்படி பாத்தா இவளுக்கு வேன்ல இடமே இல்ல. போனாப் போவுதுன்னு இட்டுகினு போறேன்." நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

பேட்டரி இறங்கவே இல்லை. ஒத்திகை திருப்தி.

மே 10, திங்கள்

ஷிப்ட் முடிந்து வந்தால் வாசலில் ஆட்டோ. எஸ்தரின் தம்பி டேவிட், நெமிலிச்சேரியில் இருக்கிறவன். உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். நாலு புடவை, பைபிள், இழுப்புக்கு உறிஞ்சும் மருந்து. அழுகை இல்லை, சண்டை இல்லை. அதுதான் எரிச்சல்.

"மாமா, இன்னா இது, இந்த வயசுல" என்று டேவிட் ஆரம்பித்தான். உன் வேலையைப் பார் என்றேன்.

கடைசியில் வேனுக்குள் ஏறினாள். என் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பொறுமையாக நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, ஃபேனைப் புடவையில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டேவிட் வீட்டில் போய் மாட்டுவாள். போட்ட நொடியில் புகைதான். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மூடிக்கொண்டேன். மாட்டட்டும். எரியட்டும். யாருக்குப் புத்தி இருக்கிறது என்று அப்போது தெரியும்.

ஆட்டோ போனது. ரசம் வைத்து வைத்திருந்தாள். உப்பு சரியாக இருந்தது.

மே 12, புதன்

அந்த ஃபேனுக்கு பிளக் கிடையாது. ஒயர் முனையை நேராகச் சொருகுவாள். கை ஈரமாக இருந்தால்? நேற்றெல்லாம் மெஷினில் கை ஓடவில்லை. சூப்பர்வைசர் திட்டினான், முப்பது வருஷத்தில் முதல் தடவை. பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்ல.

ஆவடியில் ரயில் ஏறி நெமிலிச்சேரியில் இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் டீ, வெறும் வெந்நீர். டேவிட் வீடு நடக்கிற தூரம்தான். ஆனால் போய் நின்றால் கூப்பிட வந்தான் என்று நினைப்பாள். அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

மே 15, சனி

டேவிட் வந்தான். மீதிப் புடவைகளை எடுக்க. ஃபேன் எரிந்துவிட்டதா என்று நானே கேட்டுவிட்டேன்.

மாட்டவே இல்லையாம். அலமாரி மேல் வைத்திருக்கிறாளாம். டேவிட் மாட்டப் போனபோது தடுத்தாளாம். அவள் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்: "அத்த கரண்ட்டுல போட்டா எரிஞ்சிடும்டா. மூணு மாசமா பன்னண்டு வோல்ட்டு, பன்னண்டு வோல்ட்டுன்னு அவரு கத்தறத கேட்டுகினுதான கீறேன்."

பிறகு எதற்கு எடுத்துக்கொண்டு போனாளாம் என்றேன். டேவிட் புடவையை மடித்துக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான்.

"நானும் கேட்டேன் மாமா. ஃபேன் அங்க இருந்தா அவரு நல்லா தூங்குவாருன்னுச்சு."

மே 16, ஞாயிறு

அக்னி நட்சத்திரம். கோயிலுக்குப் போகவில்லை. எஸ்தரம்மா எங்கே என்று கேட்பார்கள்.

முள் இரண்டைத் தாண்டி நிற்கிறது. பேட்டரி நிரம்பிவிட்டது. இப்படி ஒரு சார்ஜ் இதுவரை ஏறியதில்லை. டி.வி. தெளிவாகத் தெரிகிறது. ஆனால் வேனுக்குள் உட்கார முடியவில்லை, சட்டை பிழிகிற மாதிரி வேர்வை. இன்னொரு ஃபேன் வாங்கலாம். வாங்கினால் அவள் ஜெயித்த மாதிரி. வாங்க மாட்டேன்.

ஒரே ஆளுக்குப் புதுக் கணக்கு போட உட்கார்ந்தேன். அவளுடையதைக் கழித்தால் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க. லைட். ஃபேன். டி.வி. இரண்டு தடவை பார்த்தேன்.

கழிக்க ஒன்றுமில்லை.