குளுக்கோஸ் தின்று வளர்ந்த ஈஸ்ட்

3 அக்டோபர் 2024, வியாழன்

ஷிபானா போய்ப் பத்து நாள். ரொட்டிக்கு உறையாக ஊற்றும் தாய்மாவில் பாதியை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வழித்துக்கொண்டு போனாள். ஆறு வருஷம் என் அடுப்படியில் நின்று ரொட்டி பழகியவள், இன்றைக்குக் கடைவீதியில், அவள் அத்தா தஸ்தகீரின் மளிகைக்குப் பக்கத்திலேயே சொந்தமாக அடுப்பு மூட்டிவிட்டாள்.

சண்டை எதற்கு? ரொட்டிக் கவரில் 'அமிர்தவல்லி' என்று என் பெயர் இருக்கிறதே, அதன் பக்கத்தில் அவள் பெயரும் வேண்டுமாம். "ஒட்டிக்கிட்டுப் பொழைக்கிறவளுக்குப் பேரு ஒரு கேடா?" என்றேன். சொன்னது சொன்னதுதான். வருத்தமெல்லாம் இல்லை.

செண்பகனூர் முழுக்க மூடுபனி. ஜாடியில் மிச்ச மாவு சோம்பிக் கிடக்கிறது.

5 அக்டோபர், சனி

மாவை எழுப்புவது ஈஸ்ட். புளிக்க வைப்பது பாக்டீரியா. இரண்டும் ஒரே ஜாடியில் குடித்தனம். மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பதினோரு வருஷம் குப்பி கழுவியவளுக்கு இது தெரியாதா? ஈஸ்ட் தன் உடம்பிலிருந்து கசியவிடும் அமினோ அமிலத்தைத் தின்றுதான் அந்தப் பாக்டீரியா வளர்கிறது. ஓசிச் சாப்பாடு!

எனக்கு ஈஸ்ட் மட்டும் போதும். தனியாகப் பிரித்துக் காட்டுகிறேன்.

அதை வளர்க்க, தட்டில் கூழாக உறையக் கடப்பாசியும் தீனிக்குக் குளுக்கோஸ் பொடியும் வேண்டும். தஸ்தகீர் கடைக்கே போகவேண்டியிருந்தது, வேறெங்கும் கடப்பாசி இல்லை. "நோம்புக்கு இன்னும் எம்புட்டோ நாள் கெடக்கேம்மா, இப்ப எதுக்கு?" என்றார். மகளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து ரொட்டி வாசனை வந்துகொண்டே இருந்தது.

9 அக்டோபர், புதன்

குக்கரில் காய்ச்சி ஊற்றி, தாய்மாவைக் கரைத்துத் தடவிய கடப்பாசித் தட்டு ஆறு. மூன்றில் பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரைத் தூள் கலந்திருந்தேன். அவற்றில் ஈஸ்ட் மட்டும், வெள்ளை வெளேரென்று, பொட்டுப் பொட்டாக.

மருந்தில்லாத தட்டில்? ஒவ்வொரு ஈஸ்ட் பொட்டைச் சுற்றியும் கடுகைவிடச் சின்னதாய்ப் பாக்டீரியாப் புள்ளிகள். தள்ளி ஒன்றுகூட இல்லை. பந்தியில் இலை பிடிக்க முண்டுகிற கூட்டம் மாதிரி. சத்தம்போட்டுச் சிரித்தேன். இந்தாடி ஷிபானா, உன் போட்டோ!

ஜாடியில் இருந்த பழைய மாவைச் சாக்கடையில் கொட்டி, கொதிக்கிற தண்ணீரில் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

14 அக்டோபர், திங்கள்

ஈஸ்ட் பொட்டுகளை மருந்தில்லாத புதுக் குளுக்கோஸ் தண்ணீருக்கு மாற்றிவிட்டேன். நுரை தள்ளுகிறது. யார் தயவும் வேண்டாம்.

19 அக்டோபர், சனி

மாவில் கலந்தேன். இரண்டு மணி நேரம் எழும்பியது. அப்புறம் அசையவில்லை. போர்வை சுற்றினேன், அடுப்போரம் நகர்த்தினேன் — குளிர்தான் காரணம், வேறென்ன? ஒரு கை குளுக்கோஸ் அள்ளிப் போட்டேன். மறுபடி எழும்பியது. சுட்டு, விருந்தினர் இல்லத்துக்கு எட்டு ரொட்டி அனுப்பியாயிற்று.

22 அக்டோபர், செவ்வாய்

விருந்தினர் இல்லத்துச் சமையல்காரர் நல்லசாமி ஐந்து ரொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். மூன்றே நாளில் பச்சைப் பூஞ்சணம். "முன்னெல்லாம் ஒரு வாரம் கெடக்கும்ங்க. ருசியும் இல்ல, பஞ்சத் திங்கிற மாதிரி இருக்கு. இனி கடைவீதியிலயே வாங்கிக்கிறோம், தப்பா நெனைக்காதீங்க."

தப்பா நெனைக்க என்ன இருக்கு? ஆறு வருஷ வாடிக்கை போச்சு. அவ கடைக்கே போச்சு. என்ன செஞ்சு தொலைச்சேன் நான்?

24 அக்டோபர், வியாழன்

பழைய ஆய்வக நோட்டில், என் கையெழுத்திலேயே இருக்கிறது. மாவில் கிடைப்பது பெரும்பாலும் மால்டோஸ் என்கிற சர்க்கரை. தாய்மாவில் வாழும் சில ஈஸ்டுகளுக்கு அதைத் தின்னத் தெரியாது. பாக்டீரியாதான் அதை உடைத்துக் குளுக்கோஸை வெளியே விடுகிறது. அதைத் தின்றுதான் ஈஸ்ட் மாவை எழுப்புகிறது. பூஞ்சணத்தைத் தடுத்ததும் பாக்டீரியாவின் புளிப்புதான்.

நான் குளுக்கோஸை ஊட்டிவிட்டு, தன் காலில் நிற்கிறது என்று குதித்திருக்கிறேன்.

யார் யாரை ஓசியில் தின்றது? வெள்ளனே வந்து அடுப்பு மூட்டியது அவள். நல்லசாமியைப் பிடித்து வந்ததும் அவள். ரொட்டியை அறுத்தால் நடுத்துண்டு எனக்கு, காய்ந்த முனை அவளுக்கு. "எனக்கு முனைதான்க்கா பிடிக்கும்" என்பாள். நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

27 அக்டோபர், ஞாயிறு

வெறும் பாட்டிலோடு அவள் கடைக்குப் போனேன்.

"கொஞ்சம் தாய்மாவு வேணும் ஷிபானா. என்னோடதக் கெடுத்துட்டேன்."

பாட்டில் நிறைய ஊற்றி, வாய்க்குத் துணி கட்டினாள். "அன்னிக்குப் பேசினது தப்பு. கவர்ல உன் பேரையும் போட்டுர்றேன், வந்துரு" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "என் கவர்ல என் பேரு இருக்குங்க. வெரசா கொண்டு போங்க மேடம், குளிர்ல சுணங்கிரும்."

ஆறு வருஷம் அக்கா. இன்றைக்கு மேடம்.

2 நவம்பர், சனி

மாவு பொங்கி ஜாடி மூடியைத் தள்ளிவிட்டது. குளுக்கோஸ் போடவில்லை. ஒரே ஒரு ரொட்டி சுட்டேன்.

அறுத்ததும் கை தானாக முனைத் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தது. அதிலிருந்து எடுத்து நானே தின்றேன். வறட்டுத் துண்டு. தொண்டையில் இறங்கவே இல்லை.