இரண்டு திருகு வைத்த தட்டு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் உப்புத்தாள்தான். மரவேலைச் சங்கத்துப் பட்டறையில் எல்லாரும் அறுக்கிறார்கள், துளைக்கிறார்கள். நான் ஓரமாய் உட்கார்ந்து அடுத்தவர் அலமாரியைத் தேய்க்கிறேன். பக்கவாதம் வந்து போனதிலிருந்து இடது கைக்குப் பிடி இல்லை. பிடி இல்லாதவளுக்கு ரம்ப மெஷினும் இல்லை. சங்கத்துச் செயலாளரான பல் டாக்டர் சொல்லிவிட்டார். "உங்களுக்கு ஒண்ணுன்னா பட்டறையையே மூடிடுவாங்கம்மா." அவர் சொல்வது தப்பும் இல்லை. அதுதான் எரிச்சல்.

அக்காவுக்குச் செய்து தருவதாகச் சொன்ன பெஞ்சின் பலகைகள் மூலையில் சாய்ந்தபடியே கிடக்கின்றன. நான் படுத்த படுக்கையாய் இருந்தபோது தினமும் வந்து தலை வாரிப் பின்னிவிட்டவள். வேறு யாரையாவது அறுத்துத் தரச் சொல்லலாம். சொல்ல மாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மரத்தைக் கைதான் பிடிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

சங்கத்தில் எனக்கு வாய்த்த கூட்டாளி வெல்டர். அவரிடம் சொன்னேன்: ஒரு மரத்தட்டு, அதன்மேல் பலகை. வலது கையால் திருகை முறுக்கினால் பலகை இறுகிவிட வேண்டும். பிறகு தட்டோடு சேர்த்து ரம்பத்தை நோக்கித் தள்ளினால் போதும். தலையைச் சொறிந்துகொண்டே படம் போட ஆரம்பித்தவர், சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

மார்ச் 15, சனி

தட்டு தயார். வெல்டர்தான் மெஷினில் வைத்துத் தள்ளிப் பார்த்தார்; நான் விலகி நின்றேன். பாதி அறுக்கும்போதே பலகை நழுவிக் கோணிக்கொண்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்? பல் டாக்டர் கோணிய பலகையை எடுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர்மேல் எரிந்து விழுந்தேன். அப்புறம் என்னையே திட்டிக்கொண்டேன்: ஏண்டி உனக்கு இந்த வேண்டாத வேலை — பேசாம டிவி பாத்துக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதானே.

மார்ச் 16, ஞாயிறு

விடுவதாயில்லை.

மார்ச் 22, சனி

ஒரு திருகு போதாது, இரண்டு. தட்டின்மேல் நல்ல சொரசொரப்பான உப்புத்தாளையும் ஒட்டினேன். வெல்டர் பலகையைப் பிடித்து மூச்சைப் பிடித்து இழுத்தார். தட்டும் சேர்ந்து அவரோடு போனதே தவிர, பலகை தட்டை விட்டு அசையவில்லை. இரண்டு பேரும் பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம்.

மார்ச் 29, சனி

அறுத்துவிட்டேன். நானே.

பட்டறையே வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. பல் டாக்டர் மெஷினை நிறுத்தும் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தள்ளினேன். ரம்பம் மரத்துக்குள் இறங்குகிற அந்தச் சத்தம் — என் கையால் தள்ளிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! துண்டு சுத்தமாக விழுந்தது. கோணல் உண்டா என்று அவர் மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். இன்னொன்று என்றார். அறுத்தேன். இன்னொன்று என்றார். இந்தத் தடவை பொத்தானிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"பெஞ்சை எப்போ முடிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

வீடு வரைக்கும் கால் தரையில் பாவவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

என் தட்டை ஆளாளுக்கு எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு கையும் நன்றாக இருப்பவர்களுக்கு எதற்காம்? விரல் ரம்பத்துக்குக் கிட்டேயே போக வேண்டாமே என்கிறார்கள். சரி, எடுக்கட்டும். அதற்காக மேலெல்லாம் பசையைக் கொட்டி வைத்த புண்ணியவான் யார்? ஒரு கத்து கத்தினேன். கத்தும்போதே உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பெஞ்ச் இப்போது அக்கா வீட்டுப் பால்கனியில். வெல்டரும் வீட்டுக்காரரும் மூச்சு வாங்க மாடி ஏற்றினார்கள். அக்கா இந்த முனையில் உட்கார்ந்து பார்த்தாள், அந்த முனையில் உட்கார்ந்து பார்த்தாள்.

"நீயே அறுத்தியா?"

"நானேதான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

பல் டாக்டர் போன் செய்தார். ஒரு பாட்டு வாத்தியார் சங்கத்தில் சேர வேண்டும் என்கிறாராம். விபத்துக்குப் பிறகு அவருக்கு வலது கை சரியாக வராதாம். மெஷின் பழக்கிவிட வேண்டும், நீங்க பாத்துக்கிறீங்களா என்றார்.

நாளைக் காலையே அனுப்பச் சொன்னேன். தொளதொளவென்று சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.