வாங்கன்னு சொன்னது யாரு

பிப்ரவரி 24, செவ்வாய்

வாடகைக்கு விடும் மாடி அறையில் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. ஏரியைப் பார்க்க வருகிறவர்களுக்கு என் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பார்க்கவா ஆசை?

கதவுக்கு நம்பர் பூட்டு வந்துவிட்டது. வருகிறவர்கள் போனில் வந்த நம்பரைத் தட்டிவிட்டு நேராக மாடிக்குப் போய்விடுகிறார்கள். தலைக்கு மேலே செருப்புச் சத்தம் கேட்டால்தான் ஆள் வந்திருப்பதே எனக்குத் தெரிகிறது. சொந்த வீட்டு வாசலில் நின்று ‘வாங்க’ என்று சொல்லக்கூட எனக்கு வேலையில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

மாடியில் இருந்த வெளிநாட்டு ஜோடி கிளம்பிவிட்டது. அந்தப் பெண் தன் பாஷையில் போனிடம் பேசினாள். போன் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னது: “உங்கள் மெத்தை மிகவும் மரியாதையாக நடந்துகொண்டது.” நான் சிரித்துக்கொண்டே, “அதுக்கென்னம்மா, நம்ம வீடு மாதிரி” என்றேன். போன் அவளிடம் என்ன சொன்னதோ, தெரியாது. கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 1, ஞாயிறு

பேத்தி என் பேச்சைப் பல நாளாகப் பதிந்துகொண்டிருந்தாள். எதற்கென்று இன்றுதான் தெரிந்தது. இனிமேல் ரூம் கேட்டு யார் எழுதினாலும் மெஷினே பதில் எழுதுமாம், என்னைப் போலவே. பக்கத்தில் என் போட்டோ.

“இப்பல்லாம் யாரும் காத்திருக்க மாட்டாங்க பாட்டி. ஒரு நிமிஷத்துல பதில் வரலைன்னா அடுத்த வீட்டுக்குப் போயிடுவாங்க.”

“என் பேர்ல அது பாட்டுக்கு எதையாவது உளறி வெச்சா?”

“நீ சொன்னதைத்தான் சொல்லும்.”

“மெஷின்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“கீழே சின்ன எழுத்துல போட்டிருக்கேன்.”

கண்ணாடி போட்டுக்கொண்டும் என்னால் படிக்க முடியவில்லை. ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது. அஞ்சாம் வகுப்போடு நின்ற என் பேச்சை ஒரு மெஷின் பாடமாகப் படிக்கிறதே! பேத்தி சும்மா இல்லை. கைநிறையச் சம்பளம் வந்த வேலையை விட்டுவிட்டு இந்த மாடி அறையை நம்பி வந்திருக்கிறாள். நன்றாக நடக்க வேண்டும். நடக்குமா?

மார்ச் 9, திங்கள்

என்ன செய்து வைத்திருக்கிறேன், அல்லது என்ன செய்து வைத்திருக்கிறது அது?

காலையில் டாக்ஸியிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். ஐம்பது வயசு இருக்கும். கூடவே அலமாரி மாதிரி ஒரு பச்சைப் பெட்டி. டாக்ஸிக்காரர் அதை இறக்கிவிட்டு, “குடித்தனமே வந்திருக்கு பாட்டி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் நம்பரைத் தட்டவில்லை. நேராக வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க சொன்ன மாதிரியே வந்துட்டேம்மா.”

தலையை ஆட்டினேன். என்ன சொன்னேன் நான்?

“நீங்க தூங்கவே மாட்டீங்களா? எந்நேரம் எழுதினாலும் உடனே பதில் சொல்றீங்களே!”

அசடு வழியச் சிரித்தேன். அவள் மாடிக்குப் போனதும் பேத்தியைப் பிடித்து உலுக்கினேன். அவள் போனைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்தாள். ‘எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்க, இது உங்க வீடு மாதிரி’ என்று மெஷின் எழுதியிருக்கிறது. கிளம்பும் தேதி போட வேண்டிய இடத்தில் ‘அவர் விருப்பம்’ என்று அதுவே போட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் கேலண்டரில் வந்த நாள் மட்டும்தான் தெரிகிறதாம்.

சனிக்கிழமை குழந்தைகளோடு ஒரு குடும்பம் வருகிறது. அந்த அறைக்குத்தான். இல்லையென்று சொன்னால் ரூம் புக் பண்ணும் சைட்டில் எங்கள் வீட்டைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவார்களாம். அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சீசனே போய்விடும் என்கிறாள்.

மார்ச் 10, செவ்வாய்

கேட்டுவிடலாம் என்றுதான் டீயை எடுத்துக்கொண்டு மேலே போனேன். வீட்டுக்கு வந்தவங்களை எப்போ கிளம்பறீங்கன்னு எப்படிக் கேக்கறது? இத்தனை வயசில் ஒருத்தரையும் கேட்டதில்லை. நாக்கு எழவில்லை. சுற்றி வளைத்துப் பார்த்தேன்.

“ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?”

“ஊர்ல யாரும்மா இருக்கா? அம்மாவைப் பாத்துக்கிட்டே இத்தனை வருஷம் ஓடிப்போச்சு. அவங்களும் போனப்புறம் வீட்டைக் காலி பண்ணிட்டேன். உங்ககிட்டதான் எல்லாம் சொன்னேனே.”

“ஆமாம்.”

ஏன் ஆமாம் என்றேன்?

நான் கீழே இறங்கக் கிளம்பும்போது சொன்னாள்: “என்னை வா போன்னே கூப்பிடுங்கம்மா. போன்லயும் வாங்க போங்கன்னே எழுதினீங்க. யாரோ மாதிரி இருந்துச்சு.”

“சரிங்க” என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 11, புதன்

இன்றும் கேட்கவில்லை. குழாயை அவளே சரி செய்துவிட்டாள்.

மார்ச் 12, வியாழன்

பேத்தியோடு சண்டை.

“நீ கேக்கறியா பாட்டி, நான் கேக்கட்டுமா?”

“நீ கேக்காதே. நீ கேட்டா துரத்தற மாதிரி இருக்கும்.”

“நீ கேட்டா?”

“நான் கேட்டாலும் துரத்தற மாதிரிதான் இருக்கும்.”

கீழே என் அறையில் படுத்துக்கொள்ளட்டும் என்றேன். “அப்புறம் அடுத்த வாரம்? அதுக்கடுத்த வாரம்?” என்றாள். கோபத்தில் அந்த மெஷினைத் திட்டித் தீர்த்தேன்.

“அதை ஏன் திட்டறே? யார்கிட்ட கத்துக்கிச்சு? மீட்டர் பாக்க வந்தவர்கிட்டகூட நீ சொல்லலை? நம்ம வீடு மாதிரி, எவ்ளோ நேரம் வேணும்னாலும் உக்காருங்கன்னு?”

“அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுடி.”

“சும்மா சொல்றதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

மீட்டர்காரர் உட்காரவில்லை. யாருமே உட்கார்ந்ததில்லை. அது வாய் வார்த்தை என்று எல்லோருக்கும் தெரியும். அதை நிஜமென்று எடுத்துக்கொண்டது இரண்டே பேர்: அந்த மெஷின், இந்தப் பெண்.

மார்ச் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என் புடவையையும் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் இன்னும் கஷ்டமாகிவிட்டது.

“உங்ககிட்ட போன்ல பேசினது நான் இல்லீங்க. அது மெஷின். என் பேச்சைச் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கு.”

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

“எங்கம்மாவைப் பத்தி எழுதினேனே, அது?”

“எனக்குத் தெரியாதும்மா. நான் படிக்கலை.”

“எவ்ளோ நாள் வேணும்னாலும் இருங்கன்னு...”

“அது என் வார்த்தைதான். ஆனா நான் சொல்லலை.”

இப்படி ஒரு பதிலை எந்த மனுஷியாவது சொல்லியிருப்பாளா? நாளைக்கு ஆள் வருவதைச் சொன்னேன். “அதான்... எப்போ...” என்று இழுத்தேன்.

“எப்போ கிளம்பறேன்னுதானே?” என்று அவளே முடித்தாள்.

“கீழே என் ரூம்ல படுத்துக்கலாங்க. நாலு நாள் இருந்துட்டுப் போகலாம்.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“இதை யாரும்மா சொல்றது? நீங்களா, அதுவா?”

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். உடனே சொல்லியிருக்க வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

மார்ச் 14, சனி

விடிந்ததுமே போய்விட்டாள். அறையில் ஆள் இருந்த சுவடே இல்லை. வாசலில் “கிளம்பறேம்மா” என்றாள். அவ்வளவுதான். போயிட்டு வரேன்னு சொல்லலை. அந்த ‘வரேன்’ வருமென்று டாக்ஸி கிளம்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். நானும் வாங்க என்று சொல்லவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்ல?

மதியம் குடும்பம் வந்தது. நம்பரைத் தட்டி மேலே போயிற்று.

மார்ச் 16, திங்கள்

சைட்டில் ஏதாவது எழுதி எங்கள் வீட்டு ஸ்டாரைக் குறைத்துவிடுவாளோ என்று பேத்தி பத்து தடவை போனைப் பார்க்கிறாள். ஒன்றும் வரவில்லை. எனக்கு ஸ்டார் கவலை இல்லை. வீட்டைக் காலி பண்ணிவிட்டேன் என்றாளே, அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு எங்கே போயிருப்பாள்?

“நல்லா இருக்காளான்னு கேளேன்.”

“நான் கேக்கவா, அதைக் கேக்கச் சொல்லவா?”

கேலிதான். ஆனால் சுருக்கென்றது.

மார்ச் 20, வெள்ளி

‘இது மெஷின்’ என்பதைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். என்னாலேயே படிக்க முடிகிற அளவுக்கு. வழி, வாடகை, வெந்நீர் எல்லாம் அது சொல்லட்டும்.

“அந்த ‘எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்க’ வரியை மட்டும் எடுத்துடு.”

“உன்கிட்ட அது கத்துக்கிட்டதுலயே நல்ல வரி அதுதான் பாட்டி.”

“அதனாலதான் எடுக்கச் சொல்றேன்.”

எடுத்துவிட்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மாடியில் இருந்தவர்கள் கிளம்பினார்கள். “பத்திரமா போயிட்டு வாங்க” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். “என்ன பாட்டி, வர வர வார்த்தையில கஞ்சத்தனம்!” என்கிறாள் பேத்தி. பச்சைப் பெட்டிக்காரி போன நாளிலிருந்து தூக்கம் சரியாக இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பேத்தி போனும் கையுமாக ஓடி வந்தாள். பச்சைப் பெட்டிக்காரி எழுதியிருக்கிறாள். அக்கா முறை ஆகிற ஒருத்தி வீட்டில் இருக்கிறாளாம், சௌக்கியமாம். ‘மாடி வேண்டாம். கீழ் ரூம்னு சொன்னீங்களே, அது போதும். போற தேதியும் போட்டிருக்கேன். வரட்டுமா?’

மெஷின் பாதி எழுதியிருந்ததை நிறுத்திவிட்டு பேத்தி கேட்டாள்: “என்ன பாட்டி சொல்ல?”

“பேப்பரும் பேனாவும் கொண்டா.”

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ‘வாங்க’ என்று எழுதினேன். பார்த்தேன். அதைத்தான் மெஷின் எல்லோருக்கும் எழுதுகிறது. ‘ங்க’வை அடித்தேன்; ‘வா’ மட்டும் நின்றது. வேறு பேப்பர் தரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அடித்த கோட்டோடு அப்படியே போட்டோ எடுத்து அனுப்பினாள்.