பச்சை நாயைப் பாக்க மூணு நாள்

அக்டோபர் 14, சனி

துன்ஹா, மலை மேல எங்க ஊரு. வெளிய எட்டு டிகிரி. வீட்டுக்குள்ளயும் எட்டுதான். ரெண்டு கம்பளியப் போத்திக்கிட்டு, கட்டை விரல மட்டும் வெளிய விட்டு பேஜ்ல போட்டேன்: "ஒலாயால இன்னைக்கி என்னா வெயில் மக்களே! ரோட்டுல முட்டைய ஒடச்சு ஊத்தினா ஆம்லெட்!"

212 லைக்.

இது பொய்யா? ஒலாயா கடலோரத்துல, கார்த்தஹேனாவுல இருக்கு. அங்க வெயில் அடிச்சிருக்கும். அதனால பொய் இல்ல. நான் அங்கதான் இருக்கேன்னு எப்பவாச்சும் சொன்னேனா? சொல்லல. இல்லைன்னும் சொல்லல. அஞ்சு வருஷமா.

பேஜ் பேரு "பெர்ரோ வெர்தே வெறியர்கள்". பெர்ரோ வெர்தேன்னா பச்சை நாய். ஒலாயா பேட்டையோட பிக்கோ. அம்மா பிக்கோவ "அலமாரி சைஸ் ஸ்பீக்கரு"ம்பாங்க. அம்மா, அலமாரிய வெச்சு நாலு தெரு ஆடுமா? முன்பக்கம் பூரா ஒளிர்ற பெயிண்ட்ல பல்லக் காட்டுற பச்சை நாய்! பதினாலு வயசுல வீடியோல பாத்தேன். அவ்ளோதான், முடிஞ்சது என் கத. பதினோராயிரம் பேரு என்னய ஒலாயா பொண்ணுன்னு நெனச்சுட்டு இருக்காங்க. நான் கடலையே பாத்ததில்ல.

இப்ப — இப்ப — மூச்சு விட்டுக்கறேன் — நெரெய்தா அக்கா மெசேஜ். பிக்கோவோட ஓனரே! "ஏ பொண்ணே, நவம்பர் 12 ஞாயிறு நம்ம நாய்க்குப் பொறந்தநாளு. ஸ்பீக்கர் பொட்டிக்குப் பின்னாடி வா. மைக்ல உன் பேரச் சொல்றேன். பக்கத்துத் தெருவுல இருந்துக்கிட்டு இத்தன வருஷமா மூஞ்சியே காட்டல நீ."

பக்கத்துத் தெரு. பஸ்ல இருபது மணி நேரம்.

"கண்டிப்பா வரேங்கா"ன்னு அடிச்சுட்டேன். விரல் என்னயக் கேக்காம அடிச்சிருச்சு.

அக்டோபர் 15, ஞாயிறு

அம்மாட்ட நவம்பர் லீவுக்கு மூணு நாளு கார்த்தஹேனா போறேன்னு சொன்னேன்.

"எதுக்கு?"

"வரலாறு."

"உனக்கா? பள்ளிக்கூடத்துல வரலாத்துல எவ்ளோ மார்க்குன்னு எனக்குத் தெரியும்டி."

கடைசில ஒத்துக்கிட்டாங்க, ஒரு கண்டிஷனோட — டில்சாக்காவும் வரணும். பெரியம்மா பொண்ணு. பல் டாக்டர்ட்ட உதவியாளு. சிரிச்சா நம்ம பல்லத்தான் பாப்பா. பிக்கோன்னா "ரவுடிப் பசங்க சத்தம்"ம்பா.

செத்தேன்.

அக்டோபர் 18, புதன்

டில்சாக்கா திட்டம் போட்டு அனுப்பிட்டா. கலர் கலரா, அரைமணி அரைமணியா. சனி 9:00 கோட்டை. 10:30 கோட்டைச் சுரங்கம். 11:30 மதில் நடை. 12:15 பூக்கொடி தொங்குற பால்கனி முன்னாடி போட்டோ (மஞ்சள் உடை). 12:45 அதே பால்கனி (வெள்ளை உடை).

ஞாயித்துக்கெழம மத்தியானம் ரெண்டுலருந்து ஆறு வரைக்கும்: "மியூசியம் — சித்திரவதைக் கருவிகள்."

"நாலு மணி நேரமா அக்கா?"

"நெறய கருவி இருக்குடி."

அவ திட்டத்துக்குள்ள என் திட்டத்த எப்பிடி நொழைக்கிறது? யோசிக்கணும். அன்னைக்கு அவளுக்கு லேசா வயித்துவலி வந்தா நல்லாருக்கும். (சாமி, சும்மா சொன்னேன்.)

அக்டோபர் 21, சனி

ஒலாயா பொண்ணுன்னு பாஸ் ஆகணும்ல, அதான் பயிற்சி. தெனம் ஒரு மணி நேரம் போன் மேப்புல தெருப் படத்துல நடக்கறேன். பெரிய ரோடு, நீலக் கதவு பார்மசி, அடுத்து முட்டை அரேபா பொரிக்கிற அம்மா (மூஞ்சிய மறச்சிருக்கானுங்க, இடுப்புல வெச்ச கை மட்டும் தெரியுது), லெஃப்ட், வாய்க்கால். கண்ண மூடிக்கிட்டே போவேன்.

பேச்சும் மாத்தணும். எங்க ஊர்ல நாயக்கூட "வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா"ன்னுதான் கூப்பிடுவோம். அங்க மேயரையே வாடா போடான்னுவாங்களாம். இன்னைக்கி நம்ம நாயிகிட்ட "வாடா"ன்னு சொல்லிப் பாத்தேன். என்னய ஒரு மாதிரி பாத்துட்டு வெளிய போயிருச்சு.

அக்டோபர் 24, செவ்வாய்

ரூம்ல சாம்பெட்டா ஆடிப் பழகினேன், பிக்கோ முன்னாடி ஆடற ஆட்டம். இடுப்பு மட்டும்தான் ஆடணும், தோள் ஆடக்கூடாது. நமக்குத் தோள் மட்டும்தான் ஆடுது. அம்மா கதவத் தொறந்தாங்க.

"குளுருதுன்னா இன்னொரு கம்பளி போட்டுக்கடி."

அக்டோபர் 28, சனி — காலைல

கண்டுபிடிச்சுட்டேன் கண்டுபிடிச்சுட்டேன் கண்டுபிடிச்சுட்டேன்!!!

"நொண்டிப் பாம்பு"! பச்சை நாயோட உசுருப் பாட்டு! அவங்ககிட்ட மட்டும்தான் அந்த ஒத்த இசைத்தட்டு இருக்கு. ஆப்பிரிக்காப் பாட்டு, அவ்ளோதான் தெரியும். யாரு பாடினது, எந்த நாடு — ஒருத்தருக்கும் தெரியாது. "நொண்டிப் பாம்பு"ங்கறதே இங்க வெச்ச பேரு. நாலு வருஷமா தேடறேன். இன்னைக்கி பழைய தட்டு விக்கிற எவனோ ஒரு பெல்ஜியத்துக்காரன் பேஜ்ல, முப்பது செகண்ட் சாம்பிள். கிட்டார் ஆரம்பிச்ச உடனே கம்பளியெல்லாம் பறந்துச்சு. அதேதான்!

பாடினவரு பேரு, கம்பெனி, வருஷம், அட்டைப் படம் — எல்லாத்தையும் பேஜ்ல போட்டுட்டேன். "ஒலாயாவுக்கு என் பரிசு"ன்னு தலைப்பு.

நெரெய்தா அக்கா சந்தோஷத்துல அழுதுருவாங்க.

அக்டோபர் 28 — மத்தியானம்

அழல.

வாய்ஸ் மெசேஜ். பதினஞ்சு தடவ கேட்டுட்டேன். எழுதி வெக்கறேன், மனசுல இருந்தா இன்னும் வலிக்குது.

"அந்தத் தட்டு எங்கப்பன் கப்பக்காரன்கிட்ட வாங்குனது. வாங்குன அன்னைக்கே நடுவுல இருந்த லேபிளக் கத்தியால சொரண்டிட்டாரு. ஏன்? பேரு தெரிஞ்சா அடுத்த பிக்கோக்காரன் போயி வாங்கிருவான். எல்லார்கிட்டயும் இருந்தா அப்பறம் எங்ககிட்ட எதுக்கு வரணும்? எங்கம்மாவுக்கே சொல்லாம செத்தாரு மனுசன். எனக்கே தெரியாது அந்தப் பேரு. இன்னைக்கி உன் பேஜ்ல படிச்சுத் தெரிஞ்சுக்கறேன். எங்க எதிரிப் பிக்கோ, அந்த அல்மிராந்தேக்காரன் இப்பவே பெல்ஜியத்துக்குப் போன் போட்டுருப்பான்."

பின்னாடி ஏதோ மீன் பொரியுது.

"நீ ஒலாயாப் பொண்ணு இல்ல. இங்க ஆறு வயசுப் புள்ளைக்கும் தெரியும், லேபிளப் பத்தி வாயத் தொறக்கக் கூடாதுன்னு. நீ யாருன்னு எனக்குத் தெரியாது. நாய் பொறந்தநாளுக்கு வராத."

மேப்புல தெருத்தெருவா நடந்தேன். பேச்சப் பழகினேன். இடுப்பப் பழகினேன். கடைசில நுணலும் தன் வாயால் கெட்டுச்சு.

போஸ்ட்ட எடுத்துட்டேன். அதுக்குள்ள தொள்ளாயிரம் ஷேர்.

அக்டோபர் 29, ஞாயிறு

டில்சாக்கா ஃப்ளைட் டிக்கெட் போட்டுட்டாளாம். ரீஃபண்ட் கெடையாது, கேன்சல் கெடையாது. ஹா.

அக்டோபர் 30, திங்கள்

பெல்ஜியத்துக்காரன்ட்ட நானே அந்தத் தட்ட வாங்கிடலாம்னு மெசேஜ் போட்டேன். அவன்கிட்ட தட்டே இல்லயாம், சாம்பிள் மட்டும்தானாம். உலகத்துல இன்னும் எத்தன இருக்குன்னு அவனுக்கும் தெரியாதாம். அப்ப அல்மிராந்தேக்காரனும் இப்ப தேடிக்கிட்டுத்தான் இருப்பான். பேரு கையில இருக்கு. என்னிக்காவது கெடச்சிரும்.

நெரெய்தா அக்காவுக்கு வாய்ஸ் அனுப்பினேன். "அக்கா, நான் துன்ஹாப் பொண்ணு. இங்க எட்டு டிகிரி. கடலே பாத்ததில்ல. மன்னிச்சிருங்க." எங்க ஊர் பேச்சுலயே பேசினேன். கேட்டாங்கங்கறது மட்டும் தெரியுது.

அக்டோபர் 31, செவ்வாய்

முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியாதுன்னு அம்மா காலைல எதுக்கோ சொன்னாங்க.

சரி. ஆனா சோறு முழுக்கப் பூசணிக்காயா இருந்தா? எது மொதப் பூசணிக்காய்னு எவன் கண்டுபிடிப்பான்?

ஹி ஹி ஹி.

நவம்பர் 2, வியாழன்

ஆறு போஸ்ட் போட்டாச்சு. "மன்னிக்கவும், போன தடவ தப்பு. நொண்டிப் பாம்போட உண்மையான மூலம் இதுதான்!" — கானா நாட்டுத் தட்டு ஒண்ணு. ரெண்டு மணி நேரம் கழிச்சு "அதுவும் தப்பு!" — ஹெய்ட்டி. அப்பறம் மடகாஸ்கர். அப்பறம் ஒரு கிறிஸ்துமஸ் தட்டு. ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம், வட்டம் போட்ட படம், சிவப்பு அம்புக்குறி. ஆறாவது என் மாஸ்டர்பீஸ்: "ரெண்டாவது பக்கம், மூணாவது பாட்டு. பொகோத்தால பழைய தட்டுக் கடையில ஒரே ஒரு காப்பி, சீல் பிரிக்காம இருக்கு." ஜெர்மன்காரன் தட்டு. அட்டையில ஒரு அம்மா கையத் தூக்கிட்டு நிக்கறாங்க. அது என்ன தட்டுன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

கமெண்ட்: "இந்தப் பொண்ணுக்குக் கிறுக்கு புடிச்சிருச்சு." "அஞ்சு வருஷமா நம்பினேனே." "எல்லாம் டூப்பு, அன்ஃபாலோ."

ரெண்டாயிரத்து நூறு பேரு போயிட்டாங்க. ஒவ்வொருத்தரா எண்ணிட்டு இருந்தேன். பாட்டப் பத்தி நான் சொன்னா சரியா இருக்கும் — அந்த ஒரு பேரத்தான் நான் சம்பாதிச்சு வெச்சிருந்தேன். அத நானே சொரண்டிட்டேன்.

கொஞ்சம் அழுதேன். அப்பறம் ஏழாவதும் போட்டேன். (ஜப்பான்.)

நவம்பர் 5, ஞாயிறு

தரைல உருண்டுட்டு இருக்கேன். அம்மா ரெண்டு தடவ வந்து உசுரோட இருக்கேனான்னு பாத்துட்டுப் போயிட்டாங்க.

அல்மிராந்தேக்காரன் ஆளையே ஃப்ளைட்ல பொகோத்தாவுக்கு அனுப்பியிருக்கான்! ஏர்போர்ட்லருந்து நேரா மேடைக்கு. லைவ் வீடியோ. மைக்ல தொண்ட கிழியக் கத்தறான்: "நாயோட பாம்பு இனி அல்மிராந்தே கையில!" சீலப் பிரிச்சான். ரெண்டாவது பக்கம். மூணாவது பாட்டு. ஊசிய வெச்சான்.

"ஐன்ஸ்... ட்ஸ்வை... ட்ரை..."

கர்ப்பிணிகளுக்கான உடற்பயிற்சித் தட்டு. பின்னாடி அக்கார்டியன்.

அஞ்சு செகண்ட் எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. அப்பறம் — இதுதான் நான் எதிர்பாக்காதது — கூட்டத்துல ஒரு கெழவரு அந்த எண்ணிக்கைக்கு இடுப்ப ஆட்டினாரு. பக்கத்துல இருந்தவ ஆடினா. பத்து நிமிஷத்துல மொத்தக் கூட்டமும் "ஐன்ஸ்! ட்ஸ்வை!" மூணு தடவ திருப்பிப் போடச் சொன்னாங்க!

ஐயோ. அவனுக்கு நானே ஒரு ஹிட்டு குடுத்துட்டேனோ?

நவம்பர் 8, புதன்

நெரெய்தா அக்கா வாய்ஸ். மொத முப்பது செகண்ட் சிரிப்பு மட்டும். நடுவுல இருமல்.

"அடியே கிறுக்கி... அவன் அந்தத் தட்டோட லேபிளச் சொரண்டிட்டான் தெரியுமா? இப்ப அது அவனோட ரகசியப் பாட்டாம்! எங்க ஆளுங்க எல்லாம் கேக்கறாங்க, எது நெசம்னு. எட்டுத் தட்டோட பேரு சொல்லியிருக்க, ஒண்ணையும் எவனும் நம்பல. ஞாயிறு ரெண்டு மணிக்கு வா. பொட்டிக்குப் பின்பக்கமா வா, முன்னாடி வந்தா சுதந்திர தினக் கூத்துல மாவு பூசி விட்ருவானுங்க. அப்பறம் மவளே, உங்க ஊர்ல இவ்ளோ மரியாதையாவா பேசுவீங்க? எனக்கே கூச்சமா போச்சு."

நவம்பர் 10, வெள்ளி

ஏர்போர்ட். டில்சாக்கா திட்டத்த லேமினேட் பண்ணிட்டு வந்திருக்கா. எனக்கும் ஒரு காப்பி. அம்மா என் பைல கம்பளி வெச்சிருக்காங்க.

நவம்பர் 11, சனி

கார்த்தஹேனா. முப்பத்து மூணு டிகிரி. சுதந்திர தினம், ஊரே தெருவுல. ஹோட்டல் வாசல விட்டு நாலு எட்டு வெச்சோம், ஒரு பாட்டி டில்சாக்கா மூஞ்சில சோளமாவ அப்பிட்டு "வாழ்க சுதந்திரம்"னு போயிட்டாங்க. அடுத்தவன் நுரை அடிச்சான். மஞ்சள் உடை 9:05க்கே காலி.

உக்காந்து அழுவான்னு பாத்தேன். அந்த நுரைக் குப்பிய எங்கேந்துடா வாங்கினன்னு கேட்டுட்டுப் போயி ரெண்டு வாங்கிட்டு வந்தா. இந்த டில்சாவ எனக்குத் தெரியாது.

அப்பதான் ஞாயித்துக்கெழமை கதையச் சொன்னேன். முழுசா.

"சித்திரவதை மியூசியத்துக்குப் பதிலா உன் ஸ்பீக்கர் பொட்டியா?"

"ஆமாக்கா."

"ரெண்டும் ஒண்ணுதான். வரேன்."

நவம்பர் 12, ஞாயிறு

ஒலாயா. நீலக் கதவு பார்மசி இப்ப செல்போன் கடை. முட்டை அரேபா அம்மாவக் காணல. ரெண்டு தடவ வழி தப்பி, மூணாவது தடவ ஒரு பாட்டிகிட்ட "மன்னிக்கணும், கொஞ்சம் தொந்தரவு தரலாங்களா"ன்னு கேட்டேன். தெருவே சிரிச்சுது. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி விட்டாங்க.

பச்சை நாய் வீடியோல தெரிஞ்சத விடப் பெருசு. பெயிண்ட் வாசன அடிக்குது. பாட்டு ஆரம்பிச்ச உடனே என் நெஞ்செலும்பு எனக்குத் தனியாத் தெரிஞ்சுது. டில்சாக்கா காதப் பொத்தினா, பத்து நிமிஷம் கழிச்சு எடுத்தா, அப்பறம் ஆளையே காணோம்.

பின்னாடி நெரெய்தா அக்கா. குட்டையா, பெரிய தோளு, விசில் கழுத்துல. "எட்டு டிகிரி நீதானா? கன்னம் எதுக்குடி இப்படி செவந்து கெடக்கு?"

"ஊர் குளுருங்க."

மைக்ல என் பேரச் சொல்வாங்கன்னு நின்னேன். சொல்லல. அதுக்குப் பதிலா தலகாணி உறைக்குள்ளருந்து ஒரு தட்ட எடுத்தாங்க. போன வாரம் துறைமுகத்துல வந்துச்சாம். நடுவுல ஆரஞ்சு லேபிள், பேரு, ஊரு, வருஷம், எல்லாம் பளிச்சுன்னு. ஒரு மீன் கத்திய நீட்டினாங்க.

"சொரண்டு."

கண்ண மூடிக்கிட்டு கத்திய வெச்சேன்.

"கண்ணத் தொற. படிச்சுட்டே சொரண்டு."

"எதுக்குங்க அக்கா?"

"நான் படிச்சுட்டேன். நீயும் படி. ரெண்டே பேரு. வெளிய போச்சுன்னா யாருன்னு நான் தேட வேணாம் பாரு."

சொரண்டறதுக்கு இருபது நிமிஷம் ஆச்சு. கடைசி எழுத்து லேசுல போகல. ஊதி விட்டு அவங்க கையில குடுத்தேன். அவங்க அத அப்பிடியே டர்ன்டேபிள்ல வெச்சாங்க, ஒலாயா ஆட ஆரம்பிச்சுது.

எங்கேந்தோ மாவு மூஞ்சியோட டில்சாக்கா ஓடி வந்து என் காதுல கத்தினா. "என்ன பாட்டுடி இது? சூப்பரா இருக்கு!"

"தெரியாதுக்கா."

"பொய் சொல்லாத, உனக்கா தெரியாது?"

ஹோட்டல் வந்துட்டேன். நகத்துக்கடியில இன்னும் ஆரஞ்சு. அக்கா பக்கத்துல உக்காந்து நான் எழுதறத எட்டி எட்டிப் பாக்கறா. பாத்துக்கோ அக்கா, நல்லாப் பாரு. அந்தப் பேர இங்கயும் எழுதல.